மாற்றியமைத்த டர்போ காரில் நாக்கிங்: காரணத்தைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கூட்டிய காரை முடுக்கும்போது நாக்கிங் எனப்படும் தட்டுச் சத்தம் கேட்டவுடன், மடிக்கணினியைத் திறந்து மேப்பில் (இன்ஜின் கணினியின் அமைப்பு அட்டவணையில்) இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் எவ்வளவு முன்னதாகப் பொறி விட வேண்டும் என்ற அளவைக் குறைப்பதே பலருடைய முதல் வேலையாக இருக்கிறது. சத்தம் அடங்கிவிடும். ஆனால் எரிபொருள் பம்பு தளர்ந்து கலவை மெலிந்ததால் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாததால்) வந்த நாக்கிங்காக இருந்தால் பம்பு மேலும் தளரும். சில வாரங்கள் கழித்து அதே சத்தம் திரும்பும்போது குறைப்பதற்கு டைமிங் மிச்சமிருக்காது.

அதனால் இங்கே மேப்பைத் தொடும் வேலை எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒவ்வொரு படியும், அடுத்த படியில் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பதால், வரிசையை மாற்ற வேண்டாம். இவை அனைத்தும் பெட்ரோல் இன்ஜின்களுக்கு மட்டுமே பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தகவல்களைப் பதிவு செய்யும் கருவி, கலவையில் காற்றும் பெட்ரோலும் உள்ள விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் லேம்டா மீட்டர் (எண் கூடினால் கலவை மெலிவு), எரிபொருள் அழுத்த மானி, டைமிங் லைட், கம்ப்ரஷன் மானி, டார்க் ரெஞ்ச், பிளக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், காற்றுக் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் அடாப்டர் ஆகியவை தேவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் எரிபொருள் அழுத்தத்தைப் பதிவு செய்யும் சென்சாரை முதலில் வாங்கலாம்; மாற்றியமைத்த கார்களில் மிகவும் பயன்படுவதும், மிகக் குறைவாகப் பொருத்தப்படுவதும் அதுதான்.

கருவிகளைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, காரில் என்னென்ன மாற்றப்பட்டன, எந்த வரிசையில் மாற்றப்பட்டன என்ற பட்டியல். மற்றொன்று, கார் நன்றாக ஓடிய காலத்தில் எடுத்த ஒரு பதிவு. அந்தப் பழைய பதிவு இருந்தால் பாதி வேலை ஒப்பிடுவதிலேயே முடிந்துவிடும்.

முழு ஆக்சிலரேட்டர் சோதனைகளை டைனோவிலோ (கார் நின்ற இடத்திலேயே ஓடும் சோதனை மேடை) மூடிய ஓட்டத்தடத்திலோ மட்டும் செய்ய வேண்டும். ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைச் சாலையிலும் வைத்து எடுக்கும் பதிவு ஆபத்தானது மட்டுமல்ல, பெரும்பாலும் பயனற்றதும்கூட.

2. முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியதும் கூடாததும்

பேட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது. நாக்கிங்கைக் கேட்டதும் ஈசியூ டைமிங்கைத் தானே குறைத்துத் திருத்தும். பல ஈசியூக்கள் அந்த உடனடித் திருத்தத்தை ஓரிடத்திலும், நாள்கணக்கில் ஓடிக் கற்றுக்கொண்ட திருத்தத்தை வேறிடத்திலும் வைத்திருக்கின்றன. இணைப்பைக் கழற்றினால் இரண்டாவது பல கார்களில் அழிந்துவிடும். எந்த வேகத்தில், எந்தச் சுமையில் இன்ஜின் அவதிப்பட்டது என்ற சான்றும் அதோடு போய்விடும். ஆகவே அந்த அட்டவணையையும் எரிபொருள் திருத்த எண்களையும் முதலில் சேமித்துக்கொள்ளவும்.

அடுத்து ஆயில் அளவைப் பார்க்கவும். டிப்ஸ்டிக்கில் உலோகப் பொடி மின்னினால் இவ்வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டு, ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து பார்க்க வேண்டும். பேரிங் தேய்ந்த இன்ஜினை மேலும் ஓட்டிப் பதிவு எடுப்பதில் அர்த்தமில்லை.

3. அது நாக்கிங் சத்தம்தானா என்று பிரித்தறிதல்

பிளக் பொறி விட்ட பிறகு எரிதழல் முன்னேறிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எரியாமல் ஓரத்தில் நெருக்குண்டிருக்கும் கலவை தானாகத் தீப்பற்றி, அழுத்த அலைகளை எழுப்புவதே நாக்கிங். எனவே அது சுமை கூடும்போது வரும், சுமை குறைந்தவுடன் போய்விடும். தகரத்தின் மேல் சிறு கற்கள் விழுவது போன்ற கூர்மையான ஒலி அது.

சுமையே இல்லாமல், நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதும் கேட்கும் கனமான, தாழ்ந்த தட்டு, கனெக்டிங் ராடு பேரிங்கின் சத்தமாக இருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கேட்டு, சூடேறியதும் மறைவது பெரும்பாலும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களின் ஆட்டம். அவை அதிகம் விரிவடையக்கூடியவை என்பதால் கூடுதல் இடைவெளியோடு பொருத்தப்படுகின்றன.

மாற்றியமைத்த கார்களுக்கே உரிய ஏமாற்று ஒலிகளும் உண்டு. கெட்டியான இன்ஜின் மவுண்ட் போட்ட பிறகு, சுமையில் இன்ஜின் சாயும்போது டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) காரின் அடிப்பகுதியில் உரசும். வெப்பத் தகடு தளர்ந்து அதிரும். உரசலை நாக்கிங் என்று எண்ணி இரண்டு வாரம் மேப்பைத் திருத்திக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் ஒரு போல்ட்டை இறுக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. காரை உயர்த்தி, புதிதாக உரசிப் பளபளக்கும் இடங்களைத் தேடுவது ஐந்து நிமிட வேலை.

காதால் உறுதி செய்ய விரும்பினால், ஒரு செம்புக் குழாயின் முனையை நசுக்கித் துளையிட்டு இன்ஜின் பிளாக்கில் போல்ட்டால் பொருத்தி, மறுமுனையிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காதுமூடிக்கு இணைக்கலாம். பழைய முறைதான், ஆனால் பொய் சொல்லாத முறை.

4. டாங்கில் இருக்கும் பெட்ரோல்

ஆக்டேன் எண்ணை (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறன்) அளக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும்; ஆர்ஓஎன், ஏகேஐ இரண்டும் அத்தகைய முறைகள். ஆர்ஓஎன் 98 என்பது ஏகேஐ முறையில் ஏறத்தாழ 93. ஏகேஐ 93க்கு எழுதப்பட்ட மேப்பை ஏற்றிவிட்டு, பம்பில் ஆர்ஓஎன் 93 என்று பார்த்து நிரப்புபவர், தேவையானதைவிட ஏறத்தாழ 5 எண் தாழ்ந்த பெட்ரோலில் ஓடுகிறார். இந்தக் குழப்பத்தை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

ஐயமிருந்தால் டாங்கைக் காலி செய்து, மேப் கேட்கும் ஆக்டேன் கொண்ட புதிய பெட்ரோலை நிரப்பிய பிறகே தொடர வேண்டும். மிச்சத்தின் மேல் நல்ல பெட்ரோலை ஊற்றினால் கிடைக்கும் கலவையின் எண் யாருக்கும் தெரியாது.

5. பிளக், கம்ப்ரஷன், உள்ளே சேரும் ஆயில்

பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வைக்கவும். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப்பொடி தூவியது போன்ற கரும்புள்ளிகளோ, வெள்ளி போல மின்னும் நுண்துகள்களோ தெரிந்தால் நாக்கிங் உண்மையாகவே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். மின்னுபவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். ஒரே பிளக்கில் மட்டும் இருந்தால் அந்தச் சிலிண்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்பதாவது படியில் அது தேவைப்படும்.

வெப்ப எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். என்ஜிகே பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை, அதாவது வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் பிளக். பாஷ் பிளக்குகளில் எண் குறைந்தால் குளிர்ந்த வகை. நிறுவனத்தை மாற்றும்போது ‘ஒரு எண் கூட்டி’ வாங்கியவர், குளிர்ந்த பிளக் போட்டதாக எண்ணிக்கொண்டு சூடான பிளக்கைப் போட்டிருப்பார்.

கம்ப்ரஷன் சோதனையை எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் பொறியையும் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செய்ய வேண்டும். எண்ணின் அளவைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதலாகக் காட்டினால் அங்கே கரி படிந்திருக்கலாம் அல்லது ஆயில் புகுந்திருக்கலாம். குறைவாகக் காட்டினால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். காற்றோடு சேர்ந்து எரியும் ஆயில் கலவையின் நாக்கிங் தாங்கும் திறனைக் குறைக்கும். பூஸ்ட் கூட்டிய பின் கிராங்க்கேஸ் காற்றோட்டம் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை வெளியேற்றும் வழி) பழைய அளவிலேயே விடப்பட்ட கார்களில் இது வழக்கமாகக் காணக்கூடியது.

6. அளக்கும் கருவிகளைச் சோதித்தல்

இப்படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். நாக் சென்சார் என்பது பிளாக்கின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் பீசோ படிகம். பரவலாகப் பயன்படும் வளைய வடிவச் சென்சார்களை 20 நியூட்டன் மீட்டர் அளவில், சுத்தமான உலோகப் பரப்பின் மேல் நேராக இறுக்க வேண்டும். அடியில் வாஷரோ பெயின்டோ இருந்தால் அதிர்வு மட்டுப்படும். இறுக்கம் மாறினால் அதன் உணர்திறனும் மாறும்.

தனி ஈசியூ பொருத்தியிருந்தால், அது எந்த அதிர்வெண்ணைக் கேட்கிறது என்று பாருங்கள். 1800ஐ, மீட்டரில் அளந்த சிலிண்டர் விட்டத்தையும் 3.14ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் அடிப்படை அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 86 மில்லிமீட்டர் விட்டத்துக்கு அது சுமார் 6,660 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர் போர் செய்து விரித்ததால் அது பெரிதாக மாறாது. ஆனால் ஃபோர்ஜ்டு பிஸ்டன், கடினமான கேம்ஷாஃப்ட் ஆகியவற்றின் பின்னணி இரைச்சல் கூடும், அதற்கேற்ப வரம்பை மறுபடி அமைக்காவிட்டால் ஈசியூ இல்லாத நாக்கிங்கைக் கேட்கும்.

அடுத்தது அடிப்படை டைமிங். ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பார்க்க வேண்டும். ஐடிலிலும் நிமிடத்துக்கு 3,500 சுற்றிலும் அதே 10 டிகிரி தெரிய வேண்டும். ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூடும்போது நகர்ந்தால், கிராங்க் சென்சாரின் துருவ இணைப்போ தாமத அமைப்போ தவறு. திரையில் 14 டிகிரி என்றிருக்கும், இன்ஜினில் 18 டிகிரி நடந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் எடுக்கும் எந்தப் பதிவுக்கும் மதிப்பில்லை. தொழிற்சாலை ஈசியூ உள்ள கார்களில் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று குறியீடுகளைப் பார்த்தால் போதும்.

லேம்டா மீட்டருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து, இல்லாத மெலிவைக் காட்டும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை பற்றாமல் போவது) ஆனாலும் எரியாத ஆக்சிஜன் அதே பொய்யைச் சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுபவர் மிஸ்ஃபயரை மேலும் கூட்டுகிறார்.

7. காற்று செல்லும் பாதை

டர்போவின் நுழைவாயிலை அடைத்து, வழக்கமாக ஓடும் பூஸ்ட் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடவும். கசிவின் விளைவு காருக்குக் கார் வேறுபடும். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் அளந்த காற்று வெளியேறிவிடுவதால் கலவை செறிவாகும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் காரில் கலவை சரியாகவே இருக்கும். ஆனால் அதே பூஸ்டை எட்ட டர்போ கூடுதலாகச் சுழன்று காற்றை மேலும் சூடாக்கும், நாக்கிங் அதிலிருந்து வரும். ‘கலவை சரியாக இருக்கிறது, ஆகவே கசிவு இல்லை’ என்ற முடிவு இரண்டாம் வகைக் காரில் தவறு.

ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் பெரிய விட்டமுள்ள இன்டேக் குழாய் மாட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். குழாய் அகலமானால் அதே அளவு காற்று மெதுவாகச் செல்லும். சென்சார் அதைக் குறைந்த காற்றாக எண்ணும். ஈசியூ குறைவாகப் பெட்ரோல் விடுவதோடு, சுமையும் குறைவு என்று கருதி டைமிங்கையும் முன்தள்ளும். இரண்டு பக்கமும் அடி. வைட்பேண்ட் சென்சாரைக் கொண்டு முழுச் சுமையிலும் தன்னைத் திருத்திக்கொள்ளும் கார்களில் கலவை நேராகிவிடும், டைமிங் பிழை மட்டும் தெரியாமல் நிற்கும். சீரான வேகத்தில் எரிபொருள் திருத்தம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

அழுத்த சென்சாரின் எல்லையையும் பார்க்கவும். முழு அழுத்தத்தில் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) 2.5 பார் வரை அளக்கும் சென்சார், கடல் மட்டத்தில் சுமார் 1.5 பார் பூஸ்ட் வரைதான் காண்பிக்கும். பதிவில் பூஸ்ட் கோடு உச்சியில் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், அதற்கு மேல் நடப்பது ஈசியூவுக்குத் தெரியவில்லை என்று பொருள்.

8. பதிவு எடுத்தலும் டைமிங் சோதனையும்

பதிவில் இடம்பெற வேண்டியவை: இன்ஜின் வேகம், பூஸ்ட், த்ராட்டில், இறுதி டைமிங், சிலிண்டர்வாரியான நாக் திருத்தம், லேம்டா, உள்காற்று வெப்பம், கூலன்ட் வெப்பம், எரிபொருள் அழுத்தம், இன்ஜெக்டர் திறப்பு நேரம். காரின் பரிசோதனை இணைப்பில் செருகும் சாதாரண ஓபிடி அடாப்டரில் எவ்வளவு கூடுதலாகச் சேர்க்கிறோமோ அவ்வளவு மெதுவாகப் பதிவாகும் என்பதால், தேவையற்றவற்றை நீக்கிவிடவும். நாக் சென்சாரின் மின்னழுத்தத்தைப் பதிவு செய்வதில் பயனில்லை. நாக்கிங் கண் இமைக்கும் முன் முடிந்துவிடும், ஆனால் அதற்காக ஈசியூ பின்வாங்கிய டைமிங் சற்று நேரம் நீடிப்பதால் மெதுவான பதிவிலும் தெரியும்.

இன்ஜின் முழுதாகச் சூடேறிய பின், ஒரே கியரில், 2,500 சுற்றிலிருந்து மூன்று முறை முடுக்கவும். உயர் கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதிக்க வேண்டாம். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் குறைவேக முன்பற்றல் நிகழ்வது அந்தப் பகுதியில்தான். அது ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கவல்லது. முன்பற்றலுக்குப் பொறி காரணமில்லை என்பதால் டைமிங்கைக் குறைத்துத் தப்பவும் முடியாது. இவ்வகை இன்ஜினில் அதைத் தடுக்கும் தரம் கொண்ட ஆயில், அதாவது 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் அல்லது 2020இல் வந்த எஸ்பி தரம், இருக்கிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடங்கவும்.

முதல் மூன்று பதிவுகளையும் சேமித்த பிறகு, திருத்தம் தெரிந்த பகுதியில் மட்டும் 2 டிகிரி குறைத்து, வேறு எதையும் மாற்றாமல் மீண்டும் மூன்று முறை ஓட்டவும். உண்மையான நாக்கிங் என்றால் திருத்தம் தெளிவாகக் குறையும். குறைத்தும் அதே வேகத்தில் அதே அளவு திருத்தம் வந்தால், சென்சார் கேட்பது வேறெதையோ. மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். இந்தக் குறைப்பு சிகிச்சை அல்ல, கேள்வி மட்டுமே. பதில் கிடைத்ததும் காரணம் தெரியும் வரை காரை மென்மையாக ஓட்ட வேண்டும்.

திருத்த எண்ணின் குறியிலும் பலர் தடுமாறுகின்றனர். சில ஈசியூக்கள் பின்வாங்கலைக் கூட்டல் எண்ணாகவும், சில கழித்தல் எண்ணாகவும் காட்டும்.

9. எங்கே, எப்போது, எந்தச் சிலிண்டரில்

நாக்கிங் வரும் இடமே காரணத்தின் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். முறுக்குவிசை உச்சமடையும் நடுப்பகுதியில் வந்தால், முதலில் பூஸ்ட் கோட்டைப் பாருங்கள். இலக்கு 1.2 பாராக இருந்து ஒரு கணம் 1.45ஐத் தொட்டு இறங்கினால் குற்றவாளி பூஸ்டைக் கட்டுக்குள் வைக்கும் வால்வான வேஸ்ட்கேட்டின் கட்டுப்பாடு, டைமிங் அல்ல. பூஸ்ட் இலக்கிலேயே இருந்தால் ஆக்டேனும் டைமிங் அட்டவணையும் அடுத்த சந்தேகங்கள்.

வேகம் ஏற ஏறக் கூடினால் எரிபொருள் பக்கம் திரும்ப வேண்டும். மேனிஃபோல்டோடு இணைந்த ரெகுலேட்டர் உள்ள போர்ட் இன்ஜெக்‌ஷன் அமைப்பில், அடிப்படை 3 பார் என்றால் 1.2 பார் பூஸ்டில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் 4.2 பாராக இருக்க வேண்டும். 3.8 என்று காட்டினால் இன்ஜெக்டரின் இருபுற அழுத்த வேறுபாடு 2.6தான், பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. லேம்டா 0.80 என்று எண்ணிய இடம் 0.86 ஆகிவிடும். காரணம் பம்பாகவோ, ஃபில்டராகவோ, பம்புக்குச் செல்லும் மெல்லிய மின்கம்பியாகவோ இருக்கலாம். சுமையில் பம்பின் முனையிலேயே வோல்டேஜை அளந்தால் மூன்றாவது உடனே தெரிந்துவிடும்.

இன்ஜெக்டரின் எல்லையையும் கணக்கிடலாம். 6,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லி விநாடி. திறப்பு நேரம் 18ஐத் தொட்டால் 90 சதவீதம். அதற்கு மேல் மேப்பில் எவ்வளவு கேட்டாலும் இன்ஜெக்டரால் நம்பிக்கையாகத் தர முடியாது.

முதல் ஓட்டம் சுத்தமாக இருந்து மூன்றாவதில் மட்டும் வந்தால் வெப்பம். மூன்று பதிவுகளின் உள்காற்று வெப்பத்தை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வராத டைனோவில் இது மிகைப்பட்டுத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே சிலிண்டரில் மட்டும் வந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றவும், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். நாக்கிங் கூடவே இடம்பெயர்ந்தால் மாற்றிய பொருள்தான் காரணம். இடத்திலேயே நின்றால் கரி, வால்வு அல்லது அந்த மூலையில் கூலன்ட் ஓட்டம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டுத் தீர்ந்தது என்று மகிழ்பவர், எது காரணம் என்று அறியாமல் இரண்டையும் வாங்குவார்.

கியர் மாற்றும் கணத்தில் மட்டும் வரும் திருத்தம் பெரும்பாலும் டிரைவ்லைன் அதிர்ச்சி. திடீரென்று மிதிக்கும் கணத்தில் ஒரு சிலிண்டரில் ஒரு டிகிரி வந்து மறைவதையும் நான் பொருட்படுத்துவதில்லை. பல சிலிண்டர்களில், மூன்று ஓட்டத்திலும், 3 டிகிரிக்கு மேல் வந்தால் அன்றைய சோதனையை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

10. சரிசெய்த பிறகு

காரணத்தை நீக்கியதும், எட்டாவது படியில் குறைத்த 2 டிகிரியை ஒரேயடியாகத் திருப்பிவிடாமல் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம் எடுக்கவும். பழைய மேப்பிலேயே சுத்தமாக ஓடினால் கண்டறிந்த காரணம் சரி. கடைசி டிகிரியில் மட்டும் திரும்ப வந்தால், அந்த மேப் தொடக்கத்திலிருந்தே விளிம்பில் எழுதப்பட்டது. அதை அங்கேயே குறைவாக விட்டுவிடுவதில் தவறில்லை.

கற்றுக்கொண்ட திருத்தங்களை அழிப்பதற்கு இதுதான் நேரம். அழித்த பின் புதிய பிளக்குகளைச் சரியான இடைவெளியோடு பொருத்தி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் கழற்றிப் பாருங்கள். பழைய பிளக்கில் முன்பே படிந்த புள்ளிகளையும் புதியவற்றையும் பிரிக்க முடியாது என்பதால்தான் புதிய பிளக். பீங்கானில் ஒரு புள்ளிகூட இல்லையென்றால், அன்று எடுத்த பதிவைத் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை சத்தம் கேட்கும்போது ஒப்பிட வேண்டிய பழைய பதிவு அதுவே.